வண்டி மறுபடியும் வரவேண்டும்

(உலக முதியோர் நாளான அக்டோபர் 1 அன்று நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் பொதுநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதலில் உங்களிடம் சில கேள்விகள் கேட்கிறேன். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கையை உயர்த்துங்கள். நிறையக் கைகள் தெரிகின்றன. அதில், கடந்த மூன்று மாதத்துக்குள் ரத்தத்தில் சர்க்கரை பார்த்தவர்கள் மட்டும் கையை இறக்காமல் இருங்கள். பெரும்பாலான கைகள் அப்படியே நிற்கின்றன. மனதுக்கு நிறைவாக இருக்கிறது. இப்போது அடுத்த கேள்வி. கடந்த ஓராண்டுக்குள் உங்கள் விழித்திரையைப் படம் எடுத்துப் பார்த்தார்களா? செருப்பைக் கழற்றச் சொல்லி, உங்கள் உள்ளங்காலை யாராவது தொட்டுச் சோதித்தார்களா? சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்று பார்த்தார்களா? கைகள் ஒவ்வொன்றாக இறங்கிவிட்டன. இன்று நான் பேசவிருப்பது, இறங்கிப்போன அந்தக் கைகளைப் பற்றித்தான்.

நம் ஊர்களில் சர்க்கரை அளப்பது பழக்கமாகிவிட்டது. பேருந்து நிலையத்தில் முகாம் போட்டாலும், கோயில் திருவிழாவில் மேசை போட்டாலும், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து எண் சொல்லி அனுப்புகிறார்கள். அதனால் பலருக்குத் தங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதே தெரியவந்தது. அது நல்ல காரியம். ஆனால் சர்க்கரை நோய் வெறும் எண்ணாக இருந்துகொண்டு யாரையும் முடக்குவதில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகளில் அது கண்ணிலும் காலிலும் சிறுநீரகத்திலும் இதயத்திலும் செய்யும் சேதம்தான் ஒருவரைப் படுக்கையில் தள்ளுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது கணித்தது. தமிழ்நாட்டில் அது வயது வந்தோரில் 14.4 விழுக்காடு. இன்னொரு பக்கம், நம் மாநிலம் வேகமாக மூப்படைகிறது. மக்கள்தொகை மதிப்பீட்டின்படி 2021-இல் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் சுமார் 13.6 விழுக்காடு, கேரளத்துக்கு அடுத்தபடியாக நாம்தான் இருக்கிறோம். நீண்ட காலச் சர்க்கரையும் நீண்ட ஆயுளும் ஒரே உடம்பில் சந்திக்கும்போது, பின்விளைவுகளைத் தேடிப் பார்ப்பது தள்ளிப்போட முடியாத வேலையாகிறது.

தேடிப் பார்ப்பது என்று ஏன் சொல்கிறேன்? அவை தாமாக வந்து சொல்லாதவை என்பதால்தான்.

கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். விழித்திரையில் இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்கள் சர்க்கரையால் பலவீனப்பட்டு, முதலில் புள்ளி புள்ளியாகக் கசியும். பிறகு அடைபடும். அடைபட்ட இடத்தில் ரத்தம் கிடைக்காத விழித்திரை, புதுக் குழாய்களை முளைக்கவைக்கும். அந்தக் குழாய்கள் எளிதில் உடைபவை. இவ்வளவும் நடக்கும்போதும், அந்தக் கண்ணுக்குரிய பெரியவர் தினத்தந்தி வாசித்துக்கொண்டிருப்பார். பார்வை தெளிவாகவே இருக்கும். ஒருநாள் அந்தக் குழாய் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் பரவும்போதுதான் அவருக்குத் தெரியும். ஆனால் அதற்கு முன்பே கண்டால் காப்பாற்ற வழி இருக்கிறது. லேசர் சிகிச்சை கடுமையான பார்வை இழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வு 1976-லேயே காட்டிவிட்டது. ஐம்பது ஆண்டுகளாக நம் கையில் இருக்கும் அறிவு அது. இன்று கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துகளும் வந்துவிட்டன.

கால் இன்னும் மௌனமானது. நரம்பு பழுதாகும்போது சிலருக்கு எரிச்சல் இருக்கும், மதமதப்பு இருக்கும். பலருக்கு ஒன்றுமே இருக்காது. செருப்பு காலிலிருந்து நழுவியது தெரியாமல் நடந்து போவார்கள். முள் குத்தியது தெரியாது. வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரை சுட்டது தெரியாது. வலி இல்லாத புண்ணை யாரும் கவனிப்பதில்லை. சர்க்கரை நோயால் காலை இழப்பவர்களில் நூற்றுக்கு 85 பேர் வரை, முதலில் காலில் ஒரு சாதாரணப் புண்ணோடு தொடங்கியவர்கள். இதைக் கண்டுபிடிக்கும் கருவி எது தெரியுமா? ஒரு நைலான் இழை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை. கண்ணை மூடச் சொல்லி, அதை உள்ளங்காலில் சில இடங்களில் வைத்து அழுத்தி, "தெரியுதா பாட்டி?" என்று கேட்க வேண்டும். தெரியவில்லை என்றால் அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். பள்ளிப் படிப்பு முடித்த ஒரு பெண்ணுக்கு ஒரே நாளில் இந்தச் சோதனையைக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

சிறுநீரகம் கடைசிவரை புகார் சொல்லாத உறுப்பு. ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறும்போது, அது தன் திறனில் ஏறக்குறையப் பாதியை இழந்திருக்கும். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் சிறிதளவு கசியத் தொடங்குகிறது. வழக்கமாகச் சிறுநீரில் அட்டையை நனைத்துப் பார்க்கும் சோதனையில் அந்தச் சிறு கசிவு தெரியாது. அதற்கென்று தனிச் சோதனை உண்டு. அந்தக் கட்டத்தில் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்து, எனலாப்ரில், லோசார்டன் போன்ற விலை குறைந்த மாத்திரைகளை மருத்துவர் தொடங்கினால், டயாலிசிஸ் தேவைப்படும் நாளை நெடுந்தூரம் தள்ளிப்போடலாம்.

சரி, இந்தச் சோதனைகள் எல்லாம் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கின்றனவே, போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்று இளைஞர்கள் கேட்கலாம். எழுபது வயதில், முழங்கால் வலியோடு, ஒரு தாய் எப்படிப் போவார் என்று சற்று நினைத்துப் பாருங்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவிதான். ஆனால் பேருந்துப் படி ஏறவேண்டுமே. வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கவேண்டும் என்றால் விடியற்காலையில் கிளம்பவேண்டும். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும். தனியாகத் திரும்ப முடியாது. கூட வருவதற்கு மகன் ஒருநாள் கூலியை விடவேண்டும். கண் ஒரு கட்டடம், கால் ஒரு கட்டடம், சிறுநீரகத்துக்கு வேறொரு நாள். இதையெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு அந்தத் தாய் சொல்கிற பதில் நம் எல்லார் வீட்டிலும் கேட்டதுதான்: "எனக்கு என்னப்பா, நான் நல்லாத்தான் இருக்கேன்." அலட்சியத்தில் சொல்கிற பதில் இல்லை அது. பிள்ளைகளுக்குச் சுமையாக இருக்கக்கூடாது என்று அவர் எடுக்கிற முடிவு. ஆகவே சோதனைதான் அவரிடம் போகவேண்டும்.

அப்படிப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. சென்னையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில், இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் சூணாம்பேடு என்று ஓர் ஊர். நெல்லும் கடலையும் விளையும் பகுதி. 2000-ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், டாக்டர் வி. மோகன் தலைமையிலான சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. டென்மார்க்கிலுள்ள உலக நீரிழிவு அறக்கட்டளை பொருளுதவி செய்தது. சி. சுப்பிரமணியம் அவர்கள் நிறுவிய தேசிய வேளாண் அறக்கட்டளை ஊர் மக்களோடு இணைப்புப் பாலமாக நின்றது. இஸ்ரோ செயற்கைக்கோள் தொடர்பைக் கொடுத்தது. டாக்டர் மோகனின் தந்தை டாக்டர் எம். விசுவநாதன் 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்றே தனிப் பிரிவு தொடங்கியவர். நோயாளிகள் தேடிவர ஒரு பிரிவைத் தந்தை தொடங்கினார். நோயாளிகளைத் தேடிப்போக ஒரு வண்டியை மகன் அனுப்பினார்.

அந்த வண்டியில் என்ன இருந்தது? விழித்திரையைப் படம் எடுக்கும் கேமரா இருந்தது. காலில் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் கருவி, பாதத்தில் அதிர்வு உணர்வை அளக்கும் கருவி, இ.சி.ஜி. இருந்தன. கூரைமேல் செயற்கைக்கோள் தட்டு இருந்தது. ஊரில் எடுத்த விழித்திரைப் படம் சென்னைக்குப் போகும். அங்கே நிபுணர் பார்த்துச் சொல்வார். ஆனால் வண்டிக்கு முன்னால் மனிதர்கள் போனார்கள் என்பதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று சர்க்கரை பார்த்தார்கள். யாருக்கு நோய் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான், அவர்களுக்கு மட்டும் கண், கால், சிறுநீர், இதயம் என்று முழுச் சோதனை நடந்தது. அதே ஊரில் நிரந்தரமாக ஒரு நீரிழிவு மையமும் எழுந்தது. வண்டி போனபின்னும் அந்தக் கதவு திறந்திருந்தது.

அந்தத் திட்டம் வெளியிட்ட எண்களைப் பொறுமையாகக் கேளுங்கள். 42 கிராமங்களில் வயது வந்தோர் 27,014 பேர். அவர்களில் 23,380 பேருக்குச் சர்க்கரை பார்த்தார்கள், அதாவது 86.5 விழுக்காடு. நோய் இருந்தது 1,138 பேருக்கு. அந்த 1,138 பேரில் 1,001 பேர் பின்விளைவுச் சோதனைக்கு வந்தார்கள். நூற்றுக்கு 88 பேர். கிராமத்து மக்கள் சோதனைக்கு வரமாட்டார்கள், அவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்கிறவர்களுக்கு இந்த 88 ஒன்றே போதுமான பதில். வாசல்வரை வந்தால் வருகிறார்கள்.

அந்த 1,001 பேரில் என்ன கண்டார்கள்? 18.2 விழுக்காட்டினருக்கு விழித்திரைப் பாதிப்பு. 30.9 விழுக்காட்டினருக்கு நரம்புப் பாதிப்பு. 24.3 விழுக்காட்டினருக்குச் சிறுநீரில் ஆல்புமின் கசிவு. 7.3 விழுக்காட்டினருக்குக் காலில் ரத்த ஓட்டக் குறைவு. 10.8 விழுக்காட்டினருக்கு இதய ரத்தக் குழாய் நோய். ஏறக்குறைய 300 பேரின் கால்கள் உணர்விழந்துகொண்டிருந்தன என்றால், அவர்கள் எல்லாரும் வயலிலும் வரப்பிலும் நடந்துகொண்டிருந்தவர்கள் என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னும் இரண்டு செய்திகள். முதலாவது, அந்தச் சமூகத்தில் நோயாளிகளின் சராசரி ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரையின் கணக்கு, ஓராண்டில் 9.3-இலிருந்து 8.5-ஆக இறங்கியது. சின்ன இறக்கம் போலத் தோன்றும். பிரிட்டனில் நடந்த புகழ்பெற்ற நீரிழிவு ஆய்வில், இந்த அளவு 1 புள்ளி குறைவாக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற சிறு ரத்தக் குழாய்ச் சேதங்கள் 37 விழுக்காடு குறைவாக இருந்தன. அப்படியானால் 0.8 என்பது எத்தனை கண்கள், எத்தனை சிறுநீரகங்கள் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். இரண்டாவது, சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவு. மற்றவர்கள் எல்லாருக்கும் சூணாம்பேட்டிலேயே வைத்தியம் பார்க்க முடிந்தது. பின்விளைவுகளைத் தேடினால் பெரிய ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழியும் என்ற அச்சம் தேவையில்லை. சரியாகத் தேடினால், யார் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், யார் போகவேண்டாம் என்பது தெளிவாகிறது.

இனி, மனதை வருத்தும் ஒரு பக்கத்தையும் சொல்லியாகவேண்டும். நடமாடும் முகாம்கள் இன்று நிறைய நடக்கின்றன. பல முகாம்கள் காலையில் வந்து மாலையில் போய்விடுகின்றன. ஒரு கிராமத்தில் என்னிடம் வந்த பெரியம்மா ஒருவர், மஞ்சள் பையிலிருந்து சில சீட்டுகளை எடுத்து நீட்டினார். வெவ்வேறு முகாம்களில், வெவ்வேறு ஆண்டுகளில் எழுதியவை. எல்லாவற்றிலும் ஒரே குறிப்பு: கண் மருத்துவரைப் பார்க்கவும். "ஏன் பெரியம்மா போகலை?" என்று கேட்டேன். "போகச் சொன்னாங்க சாமி. எங்க போறது, யாரைப் பாக்குறதுன்னு ஒருத்தரும் சொல்லலை. பெரியாஸ்பத்திரில எந்த வாசல்னுகூட எனக்குத் தெரியாதே" என்றார். அதற்குள் அவருடைய ஒரு கண்ணில் பார்வை போயிருந்தது. ஒவ்வொரு முகாமின் கணக்கிலும் அவர் சோதிக்கப்பட்டவராக இருந்தார். எந்தக் கணக்கிலும் அவர் காப்பாற்றப்பட்டவராக இல்லை.

1968-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்னும் இருவர், நோயைத் தேடிக் கண்டுபிடிக்கும் பணிக்குப் பத்து நெறிகளை வகுத்தார்கள். இன்றும் உலகெங்கும் அவற்றைத்தான் அடிப்படையாகக் கொள்கிறார்கள். அவற்றில் இரண்டை நாம் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். நோயை உறுதிசெய்யவும் வைத்தியம் செய்யவும் வசதி இருக்கவேண்டும் என்பது ஒன்று. தேடுவது ஒருமுறை செய்து முடிக்கிற வேலையாக இருக்கக்கூடாது, தொடர்ந்து நடக்கவேண்டும் என்பது பத்தாவது. இதைத்தான் நான் என் சொந்த வார்த்தையில் சொல்கிறேன்: வண்டி மறுபடியும் வரவேண்டும். வரும் தேதி முன்கூட்டியே தெரியவேண்டும். முதல்முறை பழுது கண்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்று இரண்டாம் முறை கேட்கவேண்டும். அப்படிக் கேட்க முடியாதவர்கள், ஒருவருக்கு உன் கண்ணில் நோய் இருக்கிறது என்ற அச்சத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போவது நியாயமில்லை.

சூணாம்பேட்டில் பின்விளைவுச் சோதனைக்கு வராத 137 பேரையும் நான் நினைத்துக்கொள்கிறேன். எந்த ஊரிலானாலும் அப்படி வராதவர்களிடையே யார் இருக்கக்கூடும்? நடக்க முடியாதவர், படுக்கையில் இருப்பவர், காது கேளாதவர், தனியாக வாழ்பவர். அதிகம் ஆபத்தில் இருப்பவர்களே வண்டிக்கு வர இயலாதவர்கள். அவர்களுக்கு வண்டியும் போதாது. வண்டியிலிருந்து ஒருவர் இறங்கி, வீட்டுக்குள் போகவேண்டும்.

முதியவர்களுக்கான சோதனை என்றால் அது முதியவர்களின் உடம்பை அறிந்ததாக இருக்கவேண்டும். ஒரு சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன். முதலில் வண்டியின் படி. உயரமான மூன்று இரும்புப் படிகளை வைத்துக்கொண்டு முதியோர் வண்டி என்று எழுதினால் பயனில்லை. சாய்தளம் வேண்டும், இல்லாவிட்டால் கருவியைக் கீழே இறக்கி ஊராட்சிக் கட்டடத்தில் வைக்கவேண்டும். அடுத்தது கண்புரை. வயதானவர்களுக்குக் கண்மணி சுருங்கியிருக்கும், புரை மறைக்கும்; விழித்திரைப் படம் மங்கலாக வரும். மங்கலான படத்தைப் பார்த்துப் பாதிப்பு இல்லை என்று எழுதிவிடக் கூடாது. படம் தெரியவில்லை என்றாலே அவரைக் கண் மருத்துவரிடம் அனுப்பவேண்டும். பல நேரம் புரை அறுவையே அவருக்கு உடனடித் தேவையாக இருக்கும். மூன்றாவது, ரத்த அழுத்தத்தைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பார்க்கவேண்டும். சர்க்கரை நோய் உள்ள முதியவர் எழுந்து நின்றதும் அழுத்தம் 20 புள்ளிக்கு மேல் இறங்கினால், இரவில் கழிப்பறைக்குப் போகும்போது தலைசுற்றி விழக்கூடும். இடுப்பெலும்பு முறிவு அப்படியும் நேர்கிறது.

இன்னொன்று மிக முக்கியம். எழுபது, எண்பது வயதில் சர்க்கரையை அளவுக்கு மீறிக் குறைப்பதும் ஆபத்து. சரியாகச் சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்ளும் தாத்தாவுக்கு, வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, மயக்கம் வரும். வயதாகிவிட்டது, உளறுகிறார் என்று வீட்டார் நினைத்துவிடுவார்கள். உடல் தளர்ந்த முதியவருக்கு ஹெச்பிஏ1சி இளைஞர் அளவுக்கு இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. 8 வரை இருக்கலாம் என்று மருத்துவ வழிகாட்டிகளே சொல்கின்றன. ஆகவே வண்டியில் வருகிறவர்கள், சர்க்கரை ஏறியிருக்கிறதா என்று கேட்பதோடு, மயக்கம் வந்ததா, வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா என்றும் கேட்கவேண்டும். சில முதியவர்களுக்குச் சோதனையின் முடிவில் நாம் செய்யவேண்டியது மாத்திரையைக் குறைப்பதுதான்.

தொடர்ந்து செய்தால் பலன் கிடைக்கும் என்பதற்குப் பிரிட்டனைப் பாருங்கள். இங்கிலாந்தில் 2003-இல் சர்க்கரை நோயாளிகள் அனைவருக்கும் ஆண்டுதோறும் விழித்திரைப் படம் எடுக்கும் தேசியத் திட்டத்தைத் தொடங்கினார்கள். வேல்ஸில் குழுக்கள் கேமராவோடு ஊர் ஊராகப் போகின்றன. ஐம்பது ஆண்டுகளாக உழைக்கும் வயதினரின் பார்வையைப் பறிப்பதில் முதலிடத்தில் இருந்த சர்க்கரை நோய், 2009–10 கணக்கெடுப்பில் அங்கே அந்த முதலிடத்தை இழந்திருந்தது. அதற்கு இந்தத் திட்டம் முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவர்கள் கையில் இருந்த கேமராவும் லேசரும் நம்மிடமும் உண்டு. அவர்கள் கூடுதலாகச் செய்தது, நோயாளிகள் அத்தனை பேரின் பட்டியலையும் வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் அழைப்புக் கடிதம் அனுப்பியது.

தொழில்நுட்பத்தில் நாம் பின்தங்கவில்லை. மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், சென்னை சங்கர நேத்ராலயாவும் தொலைமருத்துவ வண்டிகளை ஊர்களுக்கு அனுப்பியவை. கணினியே விழித்திரைப் படத்தைப் படித்துச் சொல்லும் முறைபற்றி 2016-இல் வெளியான கூகுள் ஆய்வில், 1,28,175 படங்களைக் கொண்டு கணினிக்குப் பயிற்சி கொடுத்தார்கள்; அந்த ஆய்வில் இந்த இரண்டு மருத்துவமனைகளுக்கும் பங்குண்டு. இன்று கைப்பேசியோடு இணைத்த சிறு கேமராவே விழித்திரையைப் படம் எடுக்கிறது. இது பெரும் பேறு. நிபுணருக்காகக் காத்திருக்காமல், அங்கேயே முடிவு சொல்லிவிடலாம். ஆனால் அந்த மஞ்சள் பைப் பெரியம்மாவின் கையைப் பிடித்து, எந்த வாசல் என்று காட்ட ஒரு மனிதர் வேண்டும். அதற்குக் கருவி கிடையாது.

அந்த மனிதர் நம் மாநிலத்தில் ஏற்கெனவே இருக்கிறார் என்பதுதான் என் நம்பிக்கை. 2021 ஆகஸ்டு 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்போருக்கு வலி தணிப்புச் செவிலியரும், உடற்பயிற்சிக்கு இயன்முறை மருத்துவரும் வருகிறார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. 'பாதம் பாதுகாப்போம்' என்ற பெயரில், சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காக்கவும் அரசு திட்டம் வகுத்திருக்கிறது. இங்கே அமர்ந்திருக்கும் அந்தத் தன்னார்வலச் சகோதரிகளுக்கு, எந்த வீட்டுத் தாத்தாவுக்குக் கால் மரத்திருக்கிறது, எந்தப் பாட்டி தனியாக இருக்கிறார் என்பது ஆஸ்பத்திரிப் பதிவேட்டைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் பையில் நைலான் இழை ஒன்றும் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை கேமராவோடு வரும் வண்டி, அவர்கள் வைத்திருக்கும் பட்டியலைப் பார்த்து வரட்டும். பழுது கண்ட ஒவ்வொருவருக்கும், அவரை லேசர்வரை கொண்டுசேர்க்கும் பொறுப்பு ஒருவர் பெயரில் இருக்கட்டும். அந்தப் பொறுப்புக்கு உரிய ஊதியமும் பயணப்படியும் அவர்களுக்குக் கிடைக்கட்டும். மற்றவர்கள் உயிரைக் காக்கும் பெண்களிடம் இலவச உழைப்பை எதிர்பார்ப்பது நமக்கு அழகல்ல.

வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இரவு படுக்கப் போகுமுன் அப்பாவின், அம்மாவின் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். விரல் இடுக்கு, குதிகால், நகத்தோரம் மூன்றையும் பாருங்கள். கொப்புளமோ வெடிப்போ நிறமாற்றமோ இருந்தால் மறுநாளே காட்டுங்கள். கால் ஆணியைப் பிளேடால் அறுக்க விடாதீர்கள். வெந்நீரில் கால் வைக்குமுன் நீங்கள் கைவைத்துப் பாருங்கள். பெரியவர்களே, நீங்களும் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கூச்சப்படாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, "என் காலையும் பாருங்க" என்று சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

நாளை அக்டோபர் 2. ஊர்தோறும் கிராம சபை கூடும் நாள். தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் கேள்வி கேட்கிற அந்தச் சபையில், இந்த முறை மூன்று எண்களைக் கேளுங்கள். நம் ஊராட்சியில் 60 வயதைக் கடந்த சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர்? இந்த ஆண்டு அவர்களில் எத்தனை பேருக்குக் கண்ணும் காலும் சிறுநீரும் சோதித்தார்கள்? பழுது கண்டவர்களில் எத்தனை பேர் வைத்தியம் பெற்று முடித்தார்கள்? மூன்றாவது எண் யாரிடமும் இல்லாமல் போகலாம். அப்படியானால் அதை அடுத்த கூட்டத்துக்குள் திரட்டித் தரவேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள்.